நாலாம் நம்பர் இடத்து மரம்

ஹார்லன், மொன்டானா
நவம்பர் 14, 1996

தம்பி டுவேனுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதியிருக்குன்னு தூக்கிப் போட்டுடாதே. உன் அக்கா அர்லீன்தான். இடது கையாலே எழுதுறேன். வலது கை எப்படி இருக்குன்னு நீ கேக்கலே, நானே சொல்லிடுறேன். இருக்கு. ஆனா விரல் மடங்கமாட்டேங்குது. கத்தரியை எடுத்தா நழுவித் தரையிலே விழுது. என் சலூனை வேற ஒரு பொண்ணு நடத்துறா, நான் ஓரமா உக்காந்து துண்டு மடிக்கிறேன், அதையும் கோணலா.

சியாட்டல்லே ஒரு டாக்டர், காலிலேருந்து நரம்பை எடுத்துக் கையிலே வச்சுத் தைச்சா திரும்பக் கத்தரி பிடிக்கலாங்குறார். எங்க இன்ஷூரன்ஸ் அதுக்குக் காசு தராது. என் மேலே விழுந்த மரம் உங்க காட்டிலாகாவோடது, இடம் உங்க முகாம், அப்போ இலாகாதானே தரணும்? அதனாலே கேக்கப் போறேன். உன்னைக் கேக்கலே, ஃபெடரல் அரசாங்கத்தைக் கேக்குறேன். நீ அங்கே ரேஞ்சரா இருக்குறது என் தப்பு இல்லே.

கோவாக்னு ஒரு வக்கீல் ஒத்துக்கிட்டிருக்கார். அவருக்கு முன்னாடி ரெண்டு பேர் கதவை மூடிட்டாங்க. அரசாங்கத்து மேலே நேரா கேஸ் போட முடியாதாமே? முதல்லே அந்த இலாகாகிட்டயே ஃபாரம் எழுதிக் கொடுத்து, "ஐயா, நீங்க என்னை அடிச்சீங்களா?"ன்னு கேக்கணுமாம். அவங்க ஆறு மாசம் சும்மா உக்காந்திருக்கலாமாம். இவ்வளவு வேணும்னு ஒரே ஒரு தொகை எழுதணும், அப்புறம் கை இன்னும் மோசமானாலும் கூட்டிக் கேக்குறது லேசில்லையாம். ராஜாகிட்ட பிச்சை கேக்குற மாதிரி இருக்கு.

உன்கிட்ட ஒரே கேள்வி. மே மாசம் மரம் விழுந்த அடுத்த வாரமே அந்த அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து லாரியிலே ஏத்திட்டீங்களாமே, என் வீட்டுக்காரர் கென்ட் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னார். அங்கே புல்லு விதை தூவியிருக்காம். பக்ஸ்கின் ஏரி முகாமிலே உடைஞ்ச பெஞ்சைச் சரி பண்ண மூணு வருஷம் ஆகும், கட்டையை எடுக்க மட்டும் என்னடா அவ்வளவு அவசரம்?

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தே. தொப்பியைக் கையிலே வச்சுச் சுத்திக்கிட்டே இருந்தே, என் முகத்தைப் பார்க்கலே. அதையும் நான் மறக்கலே.

அர்லீன்


ஃபிஷர் கிரீக் வனக்காவல் நிலையம்
டிசம்பர் 2, 1996

அக்கா,

கடிதம் கிடைத்தது. இதைப் பற்றி உன்னோடு பேசக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், மறந்துவிட்டார்கள் போல.

அடிக்கட்டையை எடுக்கச் சொன்னது என் மேலதிகாரி. ஆட்கள் தடுக்கி விழுவார்கள் என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தக் கடிதம் நீ எழுதியதா, உன் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதா? அடிக்கட்டை பற்றிய கேள்வி உன் கேள்வி மாதிரி இல்லை. நான் பதில் எழுதினால் அது எங்கே போகும்? உன் மேஜை டிராயருக்கா, கோர்ட்டுக்கா?

எல்க் மான் இறைச்சி கொஞ்சம் கென்ட்டிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கடையில் இருந்தாய். நான் உள்ளே வரவில்லை.

டுவேன்


ஹார்லன்
ஜனவரி 9, 1997

டுவேன்,

இறைச்சியைக் கென்ட் சாப்பிட்டார். நான் தொடலே. ஃபாரம் கொடுத்த வாரத்திலே இறைச்சி வந்தா அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியும்.

கோவாக் சொல்லச் சொல்ல எழுதுறேனாம்! அந்த ஆளுக்குத் தன் ஷூ லேஸைக் கட்டவே இன்னொருத்தர் சொல்லணும். இது என் மூளை, என் கேள்வி, என் கோணக் கையெழுத்து. இருபத்தேழு வருஷம் ஊரு ஜனத்தோட தலைக்குப் பின்னாலே நின்னு கேட்டவ நான். எவ புருஷன் எங்கே போறான்னு கழுத்துப் பிடரியைப் பார்த்தே சொல்லுவேன். உன் கடிதத்திலே "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்"னு எழுதியிருக்கே பாரு, அங்கே பேனா அழுந்தியிருக்கு.

அதனாலே நேராவே கேக்குறேன். வசந்தத்திலே முகாம் திறக்குறதுக்கு முன்னாடி மரத்தையெல்லாம் பரிசோதிக்கணும் இல்லே? நீதானே பரிசோதிச்சே? அன்னைக்கு நீ வண்டியை விட்டு இறங்கினியா? நீ பரிசோதிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். ஜன்னல்லே முழங்கையை வச்சுக்கிட்டு, காப்பியைக் குடிச்சுக்கிட்டு, "ம், நிக்குது, நிக்குது, இதுவும் நிக்குது"ன்னு ஓட்டிக்கிட்டே போவே. நானே உன்கூட வந்து பார்த்திருக்கேன்.

இறங்கினியா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

அர்லீன்


ஹார்லன்
ஜூன் 20, 1997

டுவேன்,

அந்த ஒரு வார்த்தையை எழுத உனக்கு அஞ்சு மாசம் போதலே. உங்க இலாகா உன்னை விட தேவலை, அவங்க ஆறு வரி எழுதியிருக்காங்க. நடந்ததுக்கு வருந்துறாங்களாம், அது அவங்க தப்புன்னு தெரியலையாம், அதனாலே ஒண்ணும் தரமுடியாதாம். அடிச்சவனே நீதிபதியா உக்காந்து எழுதின தீர்ப்பு, வேற எப்படி இருக்கும்?

இப்போதான் கோர்ட்டுக்குப் போகலாமாம். போறேன். ஜூரி இருப்பாங்க, பன்னெண்டு பேர்லே நாலு பேராவது என்கிட்ட முடி வெட்டிக்கிட்டவங்களா இருப்பாங்கன்னு மனக்கோட்டை கட்டியிருந்தேன். கோவாக் சிரிக்கிறார். அரசாங்கத்து மேலே கேஸ்னா ஜூரியே கிடையாதாம். ஒரு ஜட்ஜ் தனியா உக்காந்து பார்ப்பாராம், அவருக்குச் சம்பளம் கொடுக்குறதும் அதே அரசாங்கமாம். "அதெல்லாம் நியாயமாத்தான் இருப்பார் மேடம்"ங்குறார் கோவாக். இருப்பார், இருப்பார்.

உன்னைச் சாட்சியாக் கூப்பிடுவாங்க. அப்போ ஒரு வார்த்தை போதாது.

அர்லீன்


ஹார்லன்
பிப்ரவரி 18, 1998

திரு. டுவேன் ஹோவ்லாண்ட் அவர்களுக்கு,

தம்பின்னு எழுத வரலே இன்னைக்கு.

உங்க பக்கத்து வக்கீலம்மா மிஸ் டால்டன் கோர்ட்டிலே கொடுத்த உன் வாக்குமூலத்தைக் கோவாக் எனக்குப் படிச்சுக் காட்டினார். "நான் அந்தப் பைன் மரத்தைப் பார்வையிட்டேன். அதன் நிழல், முகாமின் இயற்கை அழகு, வெட்டும் செலவு, ஆட்களின் பாதுகாப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று எடைபோட்டு, மரத்தை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தேன்." அடேங்கப்பா! எடை போட்டானாம்! ஹோட்டல்லே பை பலகாரம் ஆப்பிளா செர்ரியான்னு முடிவெடுக்க அரை மணி நேரம் பரிமாறுற பொண்ணை நிக்க வைக்கிறவன் நீ. இயற்கை அழகாம். உன் வாயிலே அந்த வார்த்தை ஒருநாள் வந்திருக்கா?

ஏன் அப்படி எழுதி வாங்கியிருக்காங்கன்னு கோவாக் விளக்கினார். எனக்குப் புரிய ஒரு சாயங்காலம் ஆச்சு. அதிகாரி மரத்தைப் பார்க்கவே இல்லைன்னா அது கவனக்குறைவு, அரசாங்கம் பதில் சொல்லணும். பார்த்து, யோசிச்சு, இதையும் அதையும் எடை போட்டு "இருக்கட்டும்"னு விட்டா, அது அரசாங்கத்தோட முடிவு, எந்தக் கோர்ட்டும் கேக்கமுடியாது. முடிவு முட்டாள்தனமா இருந்தாலும் கேக்கமுடியாதாம். அதாவது யோசிக்காம என் கையை உடைச்சா தப்பு. நல்லா யோசிச்சு உடைச்சா தப்பே இல்லே.

மிஸ் டால்டன் இதை வச்சுக் கேஸையே தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கா. உன் நாலு வரியாலே என் கை போகப் போகுது. உனக்கு ஓய்வூதியத்துக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கின்னு எனக்குத் தெரியும். பார்க்காம விட்டேன்னு ஒத்துக்கிட்டா அது போயிடும், அதனாலே பார்த்தேன்னு சொல்றே. அவ்வளவுதானே?

நீ வண்டியை விட்டு இறங்கவே இல்லே. எனக்குத் தெரியும்.

அர்லீன் பிராட்டன்
(உன் அக்காவா இருந்தவ)


ஃபிஷர் கிரீக்
மார்ச் 3, 1998

அக்கா,

இறங்கினேன்.

இது போதும் என்று நினைத்தேன். போதாது உனக்கு. சரி, கேட்டுக்கொள். இறங்கினேன், மரத்தைச் சுற்றி நடந்தேன், கோடாலியின் பின்பக்கத்தால் தட்டினேன், உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தது, மறுபடி தட்டினேன். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று நினைத்தேன். அந்த வாக்கியம் மிஸ் டால்டன் எழுதியது. கையெழுத்து நான் போட்டது. "இந்த விஷயங்கள் எல்லாம் உங்கள் மனதில் இருந்திருக்கும் இல்லையா?" என்று கேட்டாள். மனதில் என்னென்னவோ இருந்தது, இருந்திருக்கும் என்றேன்.

ஓய்வூதியத்துக்காகப் பொய் சொல்கிறேன் என்கிறாய். நம்ம அப்பா செத்தப்போ சொத்தைப் பத்தி ஒரு வார்த்தை நான் வாயைத் திறந்தேனா? அம்மாவை ரெண்டு குளிர்காலம் வச்சுப் பார்த்துக்கிட்டது யாரு? எவனோ ஒரு வக்கீல் வந்து நாலு வார்த்தை சொன்னா, ஐம்பது வருஷமா தெரிஞ்ச தம்பி திருடனாயிடுவானா உனக்கு?

இதற்கு மேல் கேட்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

டுவேன்


ஹார்லன்
மார்ச் 10, 1998

டுவேன்,

அடுப்பிலே போடலே. கோவாக்கிட்டயும் காட்டலே. என் மாவு டப்பாவுக்குள்ளே இருக்கு. நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்.

உள்ளே ஒண்ணுமில்லாத சத்தமா? அப்போ அது பொந்து மரம். உங்க சரகத்து விதிப் புத்தகத்திலே ஒரு பக்கத்தைக் கோவாக் நகல் வாங்கியிருக்கார், ரொம்ப நாளா அதையே தடவிக்கிட்டிருந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் ஆபத்துக்கு மார்க் போடணும், ஏழு வந்தா ரெண்டிலே ஒண்ணு செஞ்சே ஆகணும், மரத்தை வெட்டணும் இல்லேன்னா அந்தக் கூடார இடத்தை மூடணும். அங்கே யோசிக்கிறதுக்கும் எடை போடுறதுக்கும் இடமே இல்லே. விதியை மீறினா அரசாங்கம் தப்பிக்க முடியாது. பொந்துன்னு தெரிஞ்சாலே ஏழு வந்திடும். நீ ஆறு போட்டிருக்கே.

ஆறுன்னு ஏன் போட்டே? உனக்கு மரம் தெரியாதுன்னு சொன்னா நான் சிரிப்பேன். யாரோ போடச் சொல்லியிருக்காங்க. உன் மேலதிகாரிதானே, கட்டையைத் தோண்டச் சொன்ன அதே ஆளு? முகாமைத் திறந்து வைக்கணும்னு அவனுக்கு அவசரம், உன் கையைப் பிடிச்சு எழுத வச்சிருக்கான். அவன் பேரைச் சொல்லிடுடா. நீயும் தப்பிப்பே, நானும் தப்பிப்பேன். "உன் நல்லதுக்குத்தான்"னு என்னை ஏன் பயமுறுத்துறே? என் நல்லதுக்கும் நீ போட்ட மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?

ஜட்ஜ் தள்ளுபடி மனுவை நிறுத்தி வச்சிருக்கார். முதல்லே உன்கிட்ட சத்தியம் வாங்கிக் கேள்வி கேக்கச் சொல்லியிருக்கார். செப்டம்பர் பதினாறு.

அர்லீன்


ஃபிஷர் கிரீக்
செப்டம்பர் 4, 1998

அக்கா,

கோடை முழுவதும் இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். கட்டையை எடுக்கச் சொன்னதோடு சரி, மார்க் பற்றி மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு மரமும் தெரியாது, மார்க்கும் தெரியாது.

நான் மரத்தைத் தட்டிய அன்று மத்தியானம் நீ நிலையத்துக்கு ஃபோன் செய்தாய். மே மாதக் கடைசி விடுமுறை வாரத்துக்குக் கென்ட்டின் வீட்டு ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள், அவருடைய அம்மா மினசோட்டாவிலிருந்து வருகிறாள், ஏரியைப் பார்த்த நாலாம் நம்பர் இடம்தான் வேண்டும் என்றாய். "அது இந்த வருஷம் மூடினாலும் மூடுவோம்"னு நான் சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. "அந்தக் கிழவிகிட்ட என் தம்பிதான் அந்தக் காட்டுக்கே ராஜான்னு சொல்லி வச்சிருக்கேன். இடி விழுந்தாலும் எனக்கு நாலுதான். இதுகூட முடியலேன்னா என்னடா ரேஞ்சர் நீ?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்துவிட்டு, ஏழு என்று எழுதியிருந்ததை அடித்து ஆறு ஆக்கினேன். அந்த வாரம் மட்டும் தாங்கினால் போதும், நீங்கள் போன பிறகு வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை காற்று அடித்தது.

உன் முகத்தை நான் ஏன் பார்க்கவில்லை என்று இப்போது தெரிந்ததா?

மிஸ் டால்டனிடம் போன மாதம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், ஒருத்தன் சொந்தக்காரங்களுக்காக இப்படி ஒரு மார்க்கை மாத்தியிருந்தா என்ன ஆகும்? அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படின்னா அது அரசாங்க வேலை இல்லை, மிஸ்டர் ஹோவ்லாண்ட். அவரோட சொந்த வேலை. அரசாங்கத்துக்குப் பொறுப்பே கிடையாது. அவர் மேலதான் கேஸ் போடணும். அப்படி யாராவது செஞ்சாங்களா?" என்றாள். இல்லை, டிவியில் பார்த்தேன் என்றேன்.

ஆக விஷயம் இதுதான். நான் யோசித்து முடிவெடுத்தேன் என்றால் அரசாங்கம் தப்பிக்கும். உனக்காகச் செய்தேன் என்றாலும் தப்பிக்கும். வண்டியை விட்டே இறங்கவில்லை, குத்துமதிப்பாக ஆறு போட்டேன் என்றால் மட்டும் மாட்டும். இரண்டு வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதானே? அதையே சத்தியம் செய்து சொல்கிறேன். வேலை போகும், போகட்டும். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்துக்கு நேர்மாறாகச் சொன்னால் ஜெயில்கூட வரலாம். நீ சியாட்டலுக்குப் போகலாம்.

சொல்லு என்று ஒரு வார்த்தை எழுது. பதினாறாம் தேதிக்குள்.

டுவேன்


ஹார்லன்
செப்டம்பர் 10, 1998

டுவேன்,

உன் கடிதத்தைப் படிச்சதும் எனக்கு முதல்லே என்ன தோணுச்சு தெரியுமா? இது டால்டன் வச்ச பொறின்னு தோணுச்சு. பொய் சொல்லுன்னு நானே என் கைப்பட எழுதி உனக்கு அனுப்பணும், அதைக் கொண்டுபோய் ஜட்ஜ்கிட்ட காட்டி, "பாருங்க ஐயா, இவ தம்பியையே பொய் சொல்லத் தூண்டுறா"ன்னு கேஸை ஊத்தி மூடணும். நல்ல திட்டம்னு நெனச்சேன். ரெண்டு நாள் அதையே நெனச்சுக்கிட்டு உன்னைக் கண்டபடி திட்டினேன். கென்ட் மாட்டுக் கொட்டகைக்குப் போய் உக்காந்துட்டார்.

அப்புறம் அந்த ஃபோன் ஞாபகம் வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்றது சரியில்லே, அது எங்கேயும் போகவே இல்லே. இடி விழுந்தாலும்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா மூடினாலும் மூடுவோம்னு நீ சொன்னதை நான் காதிலேயே வாங்கலே. என் மாமியாருக்கு எந்த நாற்காலி போடுறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவ வந்ததும் என்ன சொன்னா தெரியுமா? "கொசு ஜாஸ்தியா இருக்கே"ன்னா. அதுக்காகடா!

எனக்கு அந்த ஆபரேஷன் வேணும் டுவேன். கனவிலே கூட முடி வெட்டுறேன். "சொல்லு"ன்னு எழுத மூணு தடவை பேனாவை எடுத்தேன். வரலே. வரணும்னு எவ்வளவோ பார்த்தேன், சத்தியமா. உனக்குப் பொய் சொல்லவும் தெரியாது, டால்டன் ரெண்டாவது கேள்வியிலேயே பிடிச்சிடுவா. பிடிக்காட்டியும் நீ ஜெயில்லே உக்காந்திருப்பே, நான் நல்ல கையோட உனக்குப் பார்சல் கட்டிக்கிட்டிருப்பேன். அது எனக்கு வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் ஃபோன் பண்ணினதையும் சொல்லு. அதை விட்டுட்டுச் சொன்னே, அங்கேயே எந்திரிச்சு நான் சொல்லிடுவேன்.

அக்கா


ஃபிஷர் கிரீக்
பிப்ரவரி 1, 1999

அக்கா,

தீர்ப்பின் நகல் உனக்கும் வந்திருக்கும். செப்டம்பரில் நான் பேசி முடித்தபோதே அதுதான் வரும் என்று தெரிந்துவிட்டது. ஃபோன் விஷயத்தைச் சொன்னதும் மிஸ் டால்டன் நிறுத்தி, திரும்ப ஒருமுறை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். பிறகு ஃபைலை மூடினாள். "மிஸ்டர் ஹோவ்லாண்ட், இனிமே நான் உங்க பக்கத்து வக்கீல் இல்லை. நீங்க சொந்தமா ஒருத்தரைப் பார்த்துக்குங்க" என்றாள். ஒரு வருஷமாக எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவள். மறுநாள் நிலையத்தில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது மரக்கடையில் பலகை அடுக்குகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டர்னர் ரோட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போகிறேன்.

ஜட்ஜ் எழுதியிருப்பதைப் பார்த்தாயா? மார்க்கைத் திருத்திய நேரத்தில் இவர் அரசாங்க ஊழியராகச் செயல்படவில்லை, அக்கா தம்பி உறவின் பேரில் செயல்பட்டார், ஆகவே அரசாங்கம் பொறுப்பல்ல.

அக்கா, இப்போது நான் சொல்வதைச் சண்டை போடாமல் கேள். என் மேல் கேஸ் போடு. முகத்தைச் சுளிக்காதே. என் வீட்டுக்கு நான் போட்டிருக்கும் இன்ஷூரன்ஸில், என் கவனக்குறைவால் யாருக்காவது அடிபட்டால் கம்பெனி கொடுக்கும் என்று இருக்கிறது. ஊரில் யார் செய்யவில்லை? பக்கத்து வீட்டு ரே மேல் அவன் மாமியாரே கேஸ் போட்டாள், வாசற்படி ஐஸில் வழுக்கினாள் என்று. கம்பெனி கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாத்துக்கறி சாப்பிட்டார்கள். மாநிலக் கோர்ட்டில், மரம் விழுந்து மூன்று வருஷம் ஆகிற மே மாதம் வரை நேரம் இருக்கிறது. பேப்பரில் என்னைப் பற்றி எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எழுதச் சொல். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

டுவேன்


ஹார்லன்
ஏப்ரல் 19, 1999

தம்பி டுவேனுக்கு,

நீ சொன்ன மாதிரியே கேஸ் போட்டேன். கையெழுத்தை இடது கையாலேதான் போட்டேன். உனக்கு நோட்டீஸ் கொடுக்க வந்த ஆளுக்கு நீ ஆப்பிள் பை பலகாரம் வெட்டிக் கொடுத்து உக்கார வச்சியாமே, கோவாக் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். ஆனாலும் என் மனசிலே ஒரு மூலையிலே, இவன் ஏன் இவ்வளவு சந்தோஷமா வாங்கிக்கிறான், இதிலே என்ன சூது இருக்குன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பழக்கம், என்ன பண்ண?

சூது உன்கிட்ட இல்லே. உன் இன்ஷூரன்ஸ் கம்பெனி உனக்கு அனுப்பின பதிலோட நகல் கோவாக்குக்கும் வந்திருக்கு. நீ படிச்சிருப்பே. வேலை நேரத்திலே, அரசாங்கச் சட்டை போட்டுக்கிட்டு, அரசாங்க மரத்துக்கு, அரசாங்கத் தாளிலே மார்க் போட்டிருக்கே. அதனாலே அது முழுக்க முழுக்க உத்தியோகக் காரியமாம். வீட்டு இன்ஷூரன்ஸ் உத்தியோகத்துக்குச் செல்லாதாம். ஒரு சென்ட் காசு கிடையாது.

கோவாக் அந்த ரெண்டு தாளையும் மேஜையிலே பக்கத்துப் பக்கத்திலே வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். அரசாங்கம் சொல்லுது, ஆறுன்னு எழுதின அந்த நிமிஷம் நீ ரேஞ்சர் இல்லே, என் தம்பின்னு. கம்பெனி சொல்லுது, நீ என் தம்பி இல்லே, ரேஞ்சர்னு. "ரெண்டு பேரும் சட்டப்படி சரிதான் மேடம்"னார் கோவாக். எனக்கு அடிக்கணும் போல இருந்துச்சு. அந்த மனுஷன் மூணு வருஷம் உழைச்சு ஒரு காசு பார்க்கலே, அதனாலே விட்டுட்டேன். கம்பெனி மேலே தனியா இன்னொரு கேஸ் போட்டு இழுத்துப் பார்க்கலாம்னார். அதுக்கு நீ இன்னொரு தடவை சத்தியம் பண்ணி, நீ யாருன்னு சொல்லணுமாம். போதும் சாமி, நிறுத்துங்கன்னேன். உன் மேலே போட்ட கேஸையும் வாபஸ் வாங்கிட்டேன். உன் வீட்டையும் மரக்கடைச் சம்பளத்தையும் பிடுங்கி நான் எந்த மூஞ்சியோட சியாட்டலுக்குப் போறது?

மூணு வருஷமா யார் சொன்னதையும் நான் நம்பலே. உங்க இலாகாவை நம்பலே, டால்டனை நம்பலே, ஜட்ஜை நம்பலே, உன்னை நம்பவே இல்லே. இப்போ ரெண்டு தாளிலே ஒண்ணை நம்பியே ஆகணும்னு வந்து நிக்குது. ராத்திரி சாப்பாட்டு மேஜையிலே கென்ட் கேட்டார், "எதை நம்புறே நீ?"ன்னு. நான் சொன்னேன், இந்த ஒரு தடவை மட்டும் ஃபெடரல் அரசாங்கம் சொல்றதை நம்புறேன்னு. அந்த நேரம் நீ எனக்குத் தம்பியாத்தான்டா இருந்தே. அவங்க அதைச் சொன்னது என் கையைப் பறிக்கிறதுக்குத்தான். இருந்தாலும் அது நிஜம்.

ஆபரேஷன் கிடையாதுன்னு ஆயிடுச்சு. ரெண்டு நாள் அழுதேன், மூணாம் நாள் பில்லிங்ஸ் டவுனுக்கு ஆள் அனுப்பி இடது கைக் கத்தரி ஒண்ணு வாங்கிட்டேன். பழகணும். ஆனா ஹார்லன்லே ஒரு ஜீவன் எனக்குத் தலையைக் கொடுக்கமாட்டேங்குது, கென்ட்கூட தொப்பியைக் கழட்டாமத் தூங்குறார். ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்து வைக்கிறேன், நீ வந்து நாற்காலியிலே உக்காரு. இந்தத் தடவை உள்ளே வா. காது போச்சுன்னா தாராளமா என் மேலே கேஸ் போட்டுக்கோ. ஆனா நான் அன்னைக்கு உன் அக்காவா, கடைக்காரியான்னு மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு வா.

அக்கா